துப்பாக்கி தானாக இயங்குமா?

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் பொறியியலாளராகப் பணிபுரியும் என் தங்கையின் மகன், சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு வந்து நுகேகொடையில் எங்கள் வீட்டில் பத்து நாட்கள் தங்கிச் சென்றான். ஓர் இரவு உணவுக்குப் பின் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு அவனுடைய கைத்துப்பாக்கியில் வந்து நின்றது.

"மாமா, போன மாதம் பிஸ்டலுக்கு ரிகர் மாத்தினனான். முந்தி அஞ்சரை இறாத்தல். இப்ப மூண்டரை. வலு சோக்காயிருக்கு" என்றான். காருக்கு ரயர் மாற்றியதைச் சொல்வது போன்ற தொனி. என் மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "பிள்ளையள் இருக்கிற வீட்டிலயோ தம்பி உதெல்லாம்?" என்று கேட்டாள். பூட்டிய இரும்புப் பெட்டியில் வைத்திருப்பதாகவும், சனிக்கிழமைகளில் கடதாசி இலக்குகளைச் சுடுவதற்கு மட்டுமே எடுப்பதாகவும் அவன் விளக்கினான். அவனை நான் நம்புகிறேன். ஆயினும் அந்த 'அஞ்சரை', 'மூண்டரை' என்ற இரண்டு எண்கள் என் மனத்தில் தங்கிவிட்டன. நாற்பது ஆண்டுகளாகத் துப்பாக்கிகளைப் பற்றிச் செய்தி எழுதியும் திருத்தியும் வந்த பத்திரிகைக்காரர்கள் நாங்கள். எந்தச் செய்தியிலும் இந்த எண்ணைக் கண்டதாக நினைவில்லை.

அது என்ன எண் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியின் விசையை விரலால் பின்னே இழுத்துக் குண்டை வெளியேறச் செய்வதற்கு வேண்டிய வலுவே அது. விற்றராசு ஒன்றின் கொளுக்கியை விசையில் மாட்டி இழுத்தால் அளந்துவிடலாம். தமிழில் அந்த உறுப்புக்கும் 'விசை' என்று பெயர். பௌதிகப் பாடநூலில் வரும் வலுவுக்கும் 'விசை' என்றே பெயர். குழப்பத்தைத் தவிர்க்க, இழுப்பதற்கு வேண்டிய வலுவை இங்கே 'பாரம்' என்று குறிப்பிடுகிறேன்.

பழைய ரிவோல்வரின் பாரம் அதிகம். சுத்தியலைக் கையால் பின்னே தள்ளி வைக்காமல் விசையை மட்டும் இழுத்துச் சுடுவதாயின், விரலே சுத்தியலையும் தூக்க வேண்டும்; குண்டுச் சக்கரத்தையும் சுழற்ற வேண்டும். பத்துப் பன்னிரண்டு இறாத்தல், அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் வரை பிடிக்கும். இன்று உலகின் பொலிஸாரில் பலரின் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கி வேறு வகை. வெளியே தெரியும் சுத்தியல் அதில் இல்லை. உள்ளே வில்லொன்றின் அழுத்தத்துக்கு எதிராகப் பின்னிழுக்கப்பட்டு நிற்கும் ஊசி, விடுபட்டவுடன் முன்னே பாய்ந்து தோட்டாவின் அடியைத் தாக்கும். ஆங்கிலத்தில் அந்த ஊசிக்கு ஸ்ரைக்கர் என்று பெயர். கரம் பலகையில் நாம் சுண்டுகிறோமே, அதே சொல். இவ்வகையை உலகெங்கும் பரப்பியவர் ஆஸ்திரியாவின் காஸ்ரன் குளொக். துப்பாக்கித் தொழிலுக்கு வருமுன் திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்துகொண்டிருந்த மனிதர் அவர். 1982 இல் அவருடைய கைத்துப்பாக்கியை ஆஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்டது. 2023 டிசம்பரில், 94 வயதில், அவர் காலமானார்.

குளொக்கில் கட்டை விரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. பாதுகாப்புகள் உள்ளே இருக்கின்றன: விசையின் நடுவே ஒரு சிறு நாக்கு, ஊசியின் பாதையை மறிக்கும் ஒரு கட்டை, கீழே விழுந்தால் ஊசி விடுபடாமல் தாங்கும் ஓர் அமைப்பு. விரல் விசையை முறையாக இழுக்கும்போது மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலகும். விரலை எடுத்தால் மூன்றும் மீண்டும் பூட்டிக்கொள்ளும். அழகான ஏற்பாடுதான். ஆனால் மூன்றையும் திறக்கும் சாவி ஒன்றே, அது விசை. ஆகவே அந்த இரண்டரைக் கிலோ பாரமும், விரல் பயணம் செய்யும் சிறிய தூரமும்தான் மனிதனின் எண்ணத்துக்கும் வெடிக்கும் இடையே எஞ்சி நிற்கின்றன. நுகேகொடைச் சந்தையில் வாங்கும் ஒரு சிறிய பூசணிக்காயின் நிறை. என் மருமகன் பணம் கொடுத்து வாங்கியது, அதில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அளவைக் கழிக்கும் உறுப்புகளை. அதற்கு அந்த நாட்டு வணிகத்தில் 'மேம்படுத்தல்' என்று பெயர்.

கடதாசியைச் சுடுபவருக்கு அது மேம்பாடுதான், மறுக்கவில்லை. பாரம் கூடினால் இழுக்கும்போது கை அசையும். கை அசைந்தால் குறி தப்பும். ஒலிம்பிக் போட்டிகளில் பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியின் விசைக்கு வெறும் 500 கிராம் பாரம் இருந்தால் போதும். இருபத்தைந்து மீற்றர் கைத்துப்பாக்கிக்கு 1000 கிராம். அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதே விதி. அதிகாரிகள் அளவு நிறையை விசையில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். நிறையைத் தாங்காமல் விசை விடுபட்டால் அந்தத் துப்பாக்கியோடு போட்டியில் இறங்க முடியாது. ஹரியானாவின் மனு பாக்கர் 2021 இல் ரோக்கியோவில் துப்பாக்கி பழுதடைந்து பல நிமிடங்களை இழந்து வெளியேறியதும், 2024 இல் பரிஸில் இரண்டு வெண்கலப் பதக்கங்களோடு திரும்பியதும் நாம் அறிந்தவை. நடிகர் அஜித்குமார் சென்னையில் மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்ற பின் தமிழ் இளைஞர் பலருக்கும் இந்த விளையாட்டில் ஒரு மோகம் பிறந்திருக்கிறது. நல்லது. அங்கே எதிரே நிற்பது கடதாசி. சுடுபவரின் பின்னே பயிற்றுநர் நிற்கிறார். கட்டளை வருமுன் தோட்டாவை ஏற்றக்கூட அனுமதியில்லை.

தெருவில் நிற்கும் பொலிஸ்காரரின் கதை வேறு. நியூயோர்க்கில் ரிவோல்வரைக் கைவிட்டு இப்புதிய கைத்துப்பாக்கிக்கு மாறிய காலத்தில், அதிகாரிகள் அஞ்சியது இந்த இலகுத் தன்மைக்குத்தான். ஐந்து கிலோ பாரத்துக்குப் பழகிய விரல், பதற்றத்தில் இரண்டரைக் கிலோ விசையில் நின்றால் என்ன ஆகும்? அவர்களுக்காகக் கடினமான வில் செய்து கொடுக்கப்பட்டது. 'நியூயோர்க் விசை' என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டுவிட்டது. நியூயோர்க் நகரப் பொலிஸார் பன்னிரண்டு இறாத்தல் வரை போனார்கள். அதாவது என் மருமகன் செய்ததற்கு நேர் எதிரானதை ஒரு மாநகரம் முழுவதும் பல ஆண்டுகளாகச் செய்து வந்தது.

அது முழு வெற்றி என்றும் சொல்வதற்கில்லை. 2012 ஓகஸ்ற் 24 அன்று எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் முன்னே, கொலைகாரன் ஒருவனை நோக்கி இரண்டு பொலிஸார் 16 வேட்டுகளைத் தீர்த்தபோது, வழியே சென்ற ஒன்பது பேர் காயமடைந்தார்கள். பொலிஸாரின் குண்டுகளும் அவற்றின் சிதறல்களுமே அதற்குக் காரணம். கடினமான விசைதான் குறியைக் குலைத்தது என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். 2021 இல் புதிதாகச் சேர்வோருக்கு இலகுவான விசையைக் கொடுக்க அந்தப் பொலிஸ் திணைக்களம் முன்வந்தது. பாரத்தைக் கூட்டினால் தற்செயல் வெடிகள் குறையலாம், சுட்டே ஆகவேண்டிய வேளையில் குண்டு பிறர்மேல் பாயலாம். குறைத்தால் மறுதலை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விலை கொடுப்பவர் தெருவில் போகிறவர். என்னைக் கேட்டால், மக்கள் நடுவே கொண்டு திரியும் ஆயுதத்துக்குப் பாரம் கூடியிருப்பதே நல்லது என்பேன். குறி தப்பினால் பயிற்சியைக் கூட்டலாம். தவறி விடுபட்ட குண்டைத் திரும்ப அழைக்க வழியில்லை.

அதே நியூயோர்க்கில் நடந்த ஒரு வழக்கு, செய்தித் தொழிலில் இருக்கும் இளையவர்கள் அறிந்திருக்க வேண்டியது. 2014 நவம்பர் 20 அன்று இரவு, புரூக்ளினில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் இருண்ட படிக்கட்டில், பீற்றர் லியாங் என்ற இளம் பொலிஸ்காரர் கைத்துப்பாக்கியை உருவியபடி நுழைந்தார். ஒரு வெடி. குண்டு சுவரில் பட்டுத் தெறித்து, கீழ்த்தளத்தில் படியிறங்கிக்கொண்டிருந்த அகாய் கேர்லி என்ற நிராயுதபாணியான இளைஞரின் மார்பில் பாய்ந்தது. ஏதோ சத்தம் கேட்டுத் தன் உடல் விறைத்ததாகவும், துப்பாக்கி வெடித்துவிட்டதாகவும் லியாங் சாட்சியம் சொன்னார். வழக்குத் தொடுநர் தரப்பு நீண்ட தர்க்கம் எதிலும் இறங்கவில்லை. ஏறத்தாழ பதினொன்றரை இறாத்தல் பாரமுள்ள விசை அது. வெறுமையாக்கப்பட்ட அத்துப்பாக்கியை ஜூரிகளின் கையிலேயே கொடுத்து இழுத்துப் பார்க்கச் செய்தார்கள். சாதாரணக் குடிமக்கள், தங்கள் ஆட்காட்டி விரலால், 'வெடித்துவிட்டது' என்ற சொல்லின் பாரத்தை அளந்து பார்த்தார்கள். 2016 பெப்ரவரி 11 அன்று லியாங் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தார்கள். பின்னர் நீதிபதி குற்றத்தின் தரத்தைக் குறைத்து, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும் விதித்தார். அந்தத் தண்டனை போதுமா என்பது வேறு விவாதம். என் கவனம் விசையை இழுத்துப் பார்த்த அந்த விரல்களில்தான்.

நம் நாட்டில் அந்தச் சொல்லை எவரும் அளந்து பார்ப்பதில்லை. அப்படியே அச்சில் ஏற்றுகிறோம்.

நான் தொழில் பழகிய கொழும்புத் தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் ஒரு மூத்தவர் இருந்தார். பொலிஸ் ஊடகப் பிரிவிலிருந்து சிங்களத்தில் வரும் குறிப்புகளைத் தமிழாக்குவது எங்களைப் போன்ற இளையவர்களின் வேலை. 'துப்பாக்கி தவறுதலாக இயங்கியதில் ஒருவர் பலி' என்று ஒருநாள் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்: "ஆர் தம்பி இழுத்தது? துவக்கு தானா வெடிக்கிறதுக்கு அதென்ன பட்டாசே?" பிறகு சிங்கள மூலத்தைக் காட்டினார். அதில் இருந்த சொல் 'அத்வெரதீம'. 'அத்த' என்றால் கை. 'வெரதீம' என்றால் தவறு. கையின் தவறு. சிங்களவர்களின் சொல்லிலே கை இருக்கிறது, தமிழாக்கத்தில் அந்தக் கையை வெட்டிவிட்டோம் என்பது அவர் வாதம். நம்மிடமும் 'கைதவறி' என்ற அருமையான சொல் இருக்கிறதே, அதற்கு என்ன குறை என்று கேட்டு, சிவப்பு மையால் திருத்தி அனுப்பினார். மறுநாள் பத்திரிகையில் 'கைதவறி' என்றே வந்தது. அவர் ஓய்வு பெற்ற பின் 'இயங்கியது' மீண்டும் வந்து குடியேறிக்கொண்டது.

சொல்லாராய்ச்சிக்காக இதை எழுதவில்லை. 2024 ஜனவரி 18 அன்று நாரம்மலையில், சிவில் உடையிலிருந்த பொலிஸார் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் சென்றதாகச் சொல்லப்பட்ட லொறியொன்றைப் பின்தொடர்ந்து மறித்தார்கள். உப பொலிஸ் பரிசோதகர் ஒருவரின் துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டு சாரதியின் உயிரைக் குடித்தது. நாற்பத்தொரு வயதுக் குடும்பத்தவர். 'துப்பாக்கி தவறுதலாக இயங்கியது' என்பதே பொலிஸ் தரப்பின் முதல் விளக்கம். அந்த அதிகாரி கைதாகி நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். ஆனால் மக்களின் காதுகளில் முதலில் விழுந்தது அந்த வினைச்சொல்தான். பல பத்திரிகைகளும் இணையத்தளங்களும் அதை மேற்கோள் குறிகூட இடாமல் வெளியிட்டன.

2016 ஒக்ரோபர் 20 அன்று இரவு, யாழ்ப்பாணம் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தபோது நடந்தது இதைவிட மோசம். அங்கே துப்பாக்கியே காணாமற்போனது. மோட்டார் சைக்கிள் விபத்து என்றே முதலில் சொல்லப்பட்டது. உடற்கூற்றுப் பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் வெளிப்பட்ட பிறகுதான் பொலிஸார் ஐவர் கைதானார்கள். முதல்நாட் செய்தியில் எழுதப்படும் ஒரு சொல் எத்தனை பேருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, 'துப்பாக்கி தானாகவே வெடிக்க முடியாதா?' என்று கேட்கலாம். முடியும். அதையும் சொல்லாவிட்டால் நான் எழுதியது அரைகுறை.

சிக் சவர் நிறுவனத்தின் பி320 என்ற கைத்துப்பாக்கியும் ஸ்ரைக்கர் வகைதான். 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் அதன் ஒரு வடிவத்தைத் தெரிவு செய்தது. அதே ஆண்டு ஓகஸ்ற்றில், கடைகளில் விற்கப்பட்ட பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில், பின்புறம் நிலத்தில் படும்படி விழுந்தால் வெடிக்கிறது என்பதைப் பரிசோதனைகள் காட்டின. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. விழுந்த துப்பாக்கி சட்டென நிற்கிறது. ஆனால் பாரமான உலோக விசை, சடத்துவத்தால், தொடர்ந்து நகர்கிறது. திடீரென நிறுத்திய பேருந்தில் நின்றுகொண்டிருக்கும் பயணி முன்னே சாய்வது போல. விரல் இல்லாமலே விசை இழுபட்டுவிடுகிறது. நிறுவனம் மேம்படுத்தல் திட்டமொன்றை அறிவித்து, துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று, நிறை குறைந்த விசையையும் வேறு சில உறுப்புகளையும் பொருத்திக் கொடுத்தது. இங்கே குறைந்தது விசை என்ற உலோகத்துண்டின் நிறை. இழுப்பதற்கான பாரம் அல்ல. என் மருமகன் செய்ததும் விசை மேம்படுத்தல். இதுவும் விசை மேம்படுத்தல். ஒன்று துப்பாக்கியை விரலுக்கு மேலும் கீழ்ப்படியச் செய்தது. மற்றையது விரலைத் தவிர வேறெதற்கும் கீழ்ப்படியாதிருக்கச் செய்ய முயன்றது.

அதன் பின்னும் விவகாரம் ஓயவில்லை. உறையில் இருந்தபடியே வெடித்ததாகப் பலர் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் மறுத்தது; 2024 இல் பிலடெல்பியாவில் ஜூரிகள் ஒருவருக்கு 11 மில்லியன் டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார்கள். 2025 ஜூலையில் வயோமிங் மாநில விமானப்படைத் தளமொன்றில் இந்த வகைத் துப்பாக்கியால் ஒரு வீரர் இறந்தார். உடனே விமானப்படையின் ஒரு கட்டளைப் பிரிவு அத்துப்பாக்கியின் பாவனையை நிறுத்தி வைத்தது. எல்லோரும் துப்பாக்கியைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்க, சில வாரங்களில் இன்னொரு வீரர், பொய் வாக்குமூலம் கொடுத்த சந்தேகமும் மனிதக்கொலைச் சந்தேகமும் சுமத்தப்பட்டுக் கைதானார். துப்பாக்கிகளைப் பரிசோதித்த பின் விமானப்படை மீண்டும் பாவனைக்கு அனுமதித்தது. ஆக, துப்பாக்கியும் பிழைக்கும், மனிதனும் பொய் சொல்வான். இரண்டில் எது நடந்தது என்பதைப் பரிசோதித்தே அறியலாம். வினைச்சொல்லை மாற்றி எழுதி அறிய முடியாது.

'தானாக வெடித்தது' என்ற இலக்கணம் முற்றாகப் பொருந்தக்கூடிய துவக்கு நம் வன்னிக் காடுகளில் உண்டு. கட்டுத்துவக்கு. பன்றி வரும் பாதையில் கம்பி கட்டி, கம்பியின் மறுமுனையை விசையில் பிணைத்து வைப்பார்கள். பன்றியின் காலுக்கும் தேன் எடுக்கப் போனவனின் காலுக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. ஆயினும் கிராமத்தவர்கள் ஒருபோதும் 'துவக்கு இயங்கியது' என்று சொல்லக் கேட்டதில்லை. 'ஆர் கட்டினது?' என்பதே அவர்களின் முதற் கேள்வி.

எங்கள் செய்தி மேசையில் இன்னொரு சொல்லும் இருந்தது: 'இனந்தெரியாதோர்'. போர்க்காலக் கொழும்பில் அச்சொல் இன்றிப் பத்திரிகை வெளிவந்த நாட்கள் சிலவே. 2005 ஏப்ரல் 28 அன்று இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்ட ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராமின் உடல், மறுநாட் காலை நாடாளுமன்றத்துக்கு அண்மையில், சுடப்பட்ட நிலையில் கிடந்தது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து அந்த இடம் சில கிலோமீற்றர் தூரந்தான். பத்தரமுல்லைக்குப் போகும்போதெல்லாம் அப்பக்கம் கண் போகிறது. அங்கே விசையின் பாரம் இரண்டு இறாத்தலா பன்னிரண்டா என்பது எவருக்கும் பொருட்டாக இருந்திருக்காது. அந்த விரலுக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. 'இனந்தெரியாதோர்' என்ற சொல் ஆளை மறைத்தது என்றால், 'இயங்கியது' என்ற சொல் விரலை மறைக்கிறது. முதலாவதை எழுத நேர்ந்ததற்கு உயிர்ப்பயம் என்ற காரணம் இருந்தது. இரண்டாவதுக்கு அப்படி ஒன்றும் இல்லை, பழக்கம் மட்டுமே.

2024 இல், தற்பாதுகாப்புக்கெனப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத் துப்பாக்கிகளை நவம்பர் 7 ஆந் திகதிக்குள் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது. மீளாய்வுக்காக என்றார்கள். வரவேற்கத்தக்கதே. ஆனால் நாரம்மலையில் சுட்டது தனியார் துப்பாக்கியல்ல. பொலிஸாரின் கையிலிருக்கும் ஆயுதங்களின் விசைகள் எப்போது, யாரால் பரிசோதிக்கப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் எவரேனும் கேட்டால் நன்றாயிருக்கும்.

நீதிமன்றச் செய்தி எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் ஆயுதம் அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்படும். விசையின் பாரத்தை அளப்பது, பாதுகாப்பு உறுப்புகள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது, விழுத்திச் சோதிப்பது ஆகியவை உலகெங்கும் துப்பாக்கிப் பரிசோதனையில் வழக்கமானவை. 'தவறுதலாக இயங்கியது' என்று எவரேனும் சொன்ன வழக்கில் அந்த அறிக்கை மன்றுக்கு வரும் நாளில் தவறாமல் போய் உட்காருங்கள். பாரம் எத்தனை என்ற எண் அதில் இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். இருந்தால் தலைப்புக்குக் கீழே இரண்டாவது பந்தியிலேயே போடலாம். இல்லையென்றால், இல்லை என்பதையும் அதே பந்தியில் போடலாம்.